மதிப்பீட்டில் திண்ணை கிடையாது

பேருந்து நிழற்குடை என்று பெயர். தொகுதி மேம்பாட்டு நிதி, எவர்சில்வர் இருக்கை, பாலிகார்பனேட் கூரை. சித்திரை மாதப் பிற்பகலில் நிதி ஒதுக்கியவரை அழைத்துவந்து அந்த இருக்கையில் ஐந்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும், தோசைக்கல் தோற்கும். இடைஞ்சல் என்று அங்கே நின்ற வேம்பை வெட்டியாயிற்று. ஆகவே சனங்கள் நிழற்குடைக்கு வெளியே, அதன் பெயர்ப்பலகை நிழலில் நிற்கிறார்கள். உறுப்பினரின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருப்பதால் நான்கு பேருக்கு இடம் கிடைக்கிறது.

கிராமத்துக்குக் கட்டடம் வரைகிறவர்களுக்குக் கிராமம் என்றால் காலி மனை, அவ்வளவுதான். ‘டைப் டிசைன்’ ஒன்று கையிலிருக்கும். கோத்தகிரிச் சாரலுக்கும் அதுவே, கமுதி வெயிலுக்கும் அதுவே, நாகப்பட்டினத்து உப்புக்காற்றுக்கும் அதுவே. ஊராட்சி அலுவலகமா? மேற்கு பார்த்த முகப்பில் நீலக் கண்ணாடி ஒட்டு, நவீனமாகிவிடும். கண்ணாடிக்குள் எழுத்தர் வேர்த்துக் கொட்டுகிறார். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்த கிழவி, உட்கார ஒரு திண்ணை இல்லாமல், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள். திண்ணை மதிப்பீட்டில் இல்லையாம்.

வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். 2010-ல் கலைஞர் வீடு. 2011-ல் ஆட்சி மாறியதும் சூரிய ஒளிப் பசுமை வீடு: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய். 2024-ல் கனவு இல்லம்: 360 சதுர அடி, 3.5 லட்சம். முதல்வர் மாறினால் பெயர் மாறும், வண்ணம் மாறும். தலைக்கு மேலே அதே தட்டைக் கான்கிரீட். பசுமை வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. வெயிலை வாங்கி மேலே தகடு விளக்கெரிக்கும். அதே வெயிலில் கீழே ஆள் வேகும். ராத்திரியில் பயனாளி கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுகிறார்.

உடனே ‘குடிசைதான் அழகு’ என்று கிளம்பும் கலாசாரக் காவலர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் முதலில் அதில் குடியேறுங்கள். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை உள்ளே வைத்துக் கொளுத்தியது ஓர் ஓலைக் குடிசையைத்தான். காரை வீடு கேட்பவர் மானத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறார். ஆனால் ஓலைக்கும் இந்தக் கான்கிரீட் அடுப்புக்கும் நடுவில் வேறெதுவுமே இல்லையா? திருவனந்தபுரத்தில் குடியிருந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், வெக்கையும் குறைவு. ஏழைக்குக் கட்டுவதற்கென்றே அவர் பாடுபட்ட வித்தை அது. 2007-ல் அவர் இறந்தபோது எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழ்ந்த கையோடு அடுத்த கான்கிரீட் டெண்டரில் கையெழுத்திட்டார்கள்.

திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடும் ஒழிந்துவிட்டன என்று யாரும் வருந்த வேண்டாம். பத்திரமாக இருக்கின்றன, சொகுசு விடுதிகளில். செட்டிநாட்டு வீடுகளை இடித்தபோது காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்த தேக்குத்தூண்கள் அங்கே நிற்கின்றன. ஒரு ராத்திரி தங்கும் வாடகை, நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணின் ஒரு மாதக் கூலி. அடுத்த டைப் டிசைனை இறுதி செய்யும் கருத்தரங்கு அங்கேயே நடந்தாலும் வியப்பில்லை. ‘ஏசியே தேவைப்படவில்லை, பாருங்கள்!’ என்று முற்றத்துக் காற்றில் துண்டை உதறியபடி அதிகாரிகள் மெச்சுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தத் திண்ணையில் சாய்ந்துகொண்டே, இன்னொரு லட்சம் அடுப்புகளுக்கு ஒப்புதல் தருவார்கள்.