கீசருக்கு வைத்தியமா, விடைகொடுப்பா?

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். கீசர் கடகடவென்று சத்தம் போடுகிறது. தண்ணீர் சூடாக நேரமாகிறது. சர்வீஸா, புதுசா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உள்தொட்டி ஒழுகினால் புதுசுதான். சத்தமும் தாமதமும் மட்டும் என்றால் சர்வீஸ் போதும்.

உப்புத்தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, காயில் மேல் வெள்ளை ஓடாகப் படிகிறது. 60 டிகிரிக்கு மேல் இன்னும் வேகமாக! சத்தமும் தாமதமும் அதனால்தான். காயிலைக் கழற்றிச் சுரண்டும்போது மெக்னீசியம் தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் தியாகி அது. மெலிந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

அந்தக்காலக் கொல்லைப்புறச் செம்பு பாய்லருக்குத் துருத் தொல்லை இல்லை. நடுக்குழாயில் கரி போட்டால் வெந்நீர். ஓட்டை விழுந்தாலும் கும்பகோணம் பாத்திரக்காரர் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். அது இன்னும் பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அம்மா!

கீசரைத் திறக்கும்முன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும்.