பால் மில் பாகம் தேடு படலம்

பால் மில் என்பது மூடிய உருளைக்குள் கெட்டியான குண்டுகளையும் அரைபட வேண்டிய பொருளையும் போட்டு, உருளையைப் படுத்த வாக்கில் சுழற்றும் எந்திரம். குண்டுகள் சுவரோடு சேர்ந்து மேலேறும். ஓர் உயரத்துக்குப் பிறகு சரிந்து விழுந்து, அடியில் கிடப்பதை நசுக்கும். சிமென்ட் ஆலையில் இது ஒரு பேருந்தைவிட நீளம். வீட்டில் செய்துகொள்ளும் வகை ஒரு குடத்தளவுதான். பீங்கான் பாண்டங்களுக்குப் பூசும் கிளேஸை அரைக்க, சொந்தச் சூளை வைத்திருப்போர் இதை நாடுகிறார்கள். கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி 1971-இல் தொடங்கிய புதுச்சேரி வட்டாரத்திலும், செராமிக் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்திலும் இத்தகையோரைக் காணலாம். ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், சுண்ணாம்புக்கல், விறகுச் சாம்பல் எல்லாம் மாவாக அரைபட்டாக வேண்டும். மிக்ஸியில் போட்டால் மிக்ஸி போய்விடும். அதன் பிறகு சட்னிக்கும் வழியிராது.

இவ்வெந்திரத்தைப் பூட்டுவது எளிது. இதற்குப் பாகம் தேடுவதே கலை. காரணம் எந்திரவியலில் இல்லை, கடைத்தெருவில் இருக்கிறது. உதிரிபாகக் கடை எதுவும் பாகத்தை அதன் வடிவத்தாலோ அளவாலோ அறிவதில்லை; அது எந்த வண்டிக்கு உரியது என்பதாலேயே அறிகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் ‘எந்த வண்டிக்குப்பா?’ என்று கேட்பார்கள். கோயம்புத்தூரில் அதுவே ‘எதுக்குங்க போடறீங்க?’ என்று மரியாதையோடு வரும். கேள்வி ஒன்றே. வீட்டு பால் மில்லோ பெயரில்லாத வண்டி. அதற்கு மாடல் கிடையாது, வருடம் கிடையாது, கம்பெனி கிடையாது. உண்மையைச் சொல்பவர் கல்லை அரைப்பதன் நோக்கம், அதில் கிடைக்கும் லாபம், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்ற விசாரணை முழுவதையும் கடந்தாலன்றிப் பொருளைக் காண முடியாது. தேர்ந்தவர்கள் பொய் சொல்வதில்லை, கேள்வியை மாற்றிவிடுகிறார்கள்: ‘ஜெட் பம்ப்புக்குப் போடுற மாதிரி ரெண்டு இஞ்ச் புல்லி’ என்கிறார்கள். ‘மாதிரி’ என்ற அந்த ஒரு சொல்லில் அவர்களுடைய மனச்சாட்சி காப்பாற்றப்படுகிறது.

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். பால் மில்லின் பாகங்களுக்கும் இவ்வகைப்பாடு தையல் போடாமலே பொருந்துகிறது. தன் பெயராலேயே கேட்டு வாங்கத்தக்கவை இயற்பாகம். பேரிங்கும் பெல்ட்டும் இதில் அடங்கும். வேறொன்றாகப் பிறந்து இங்கே வேறு வேலை பார்ப்பவை திரிபாகம். பிவிசி குழாய் ஜாடியாவதும் சைக்கிள் டியூப் வாசராவதும் இவ்வகை. பிற எந்திரங்களிலிருந்து குடிபெயர்ந்தவை திசைப்பாகம். பெரும்பாலான மோட்டார்கள் இப்படி வந்தவையே. உள்ளூரில் அகப்படாமல் குஜராத் பக்கமிருந்து பார்சலில் வருவது வடபாகம். அலுமினா குண்டு ஒன்றே இதற்கு எடுத்துக்காட்டு. ஐந்தாவதாக ‘இனாம்பாகம்’ என ஒன்றைச் சேர்ப்பாரும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ‘வேணும்னா எடுத்துக்கோங்க’ என்று தரும் பழுதான வாஷிங் மெஷினை அவர்கள் உதாரணம் காட்டுவார்கள். அதை அப்புறப்படுத்தும் செலவு எடுத்தவர் தலையில் விழுவதால் இனாம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது என்பதே ஏற்கத்தக்க கருத்து.

தேடப் புறப்படும் முன் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். உருளை மிக வேகமாகச் சுழன்றால் குண்டுகள் விழவே விழா. பொருட்காட்சி மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள்காரர் சுவரோடு ஒட்டி ஓடுவதுபோல ஒட்டிக்கொண்டு சுற்றும், எதையும் அரைக்காது. இந்த எல்லை வேகத்துக்குச் சூத்திரம் உண்டு. உருளையின் உள்விட்டத்திலிருந்து குண்டின் விட்டத்தைக் கழித்து, மீட்டரில் வரும் அந்த அளவின் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். உள்விட்டம் 190 மி.மீ., குண்டு 20 மி.மீ. என்றால் விடை ஏறத்தாழ 103. நல்ல அரைப்பு இதில் 65 முதல் 75 விழுக்காட்டுக்குள் அமைகிறது. 72 சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 72-தான் தேடலின் கோத்திரம். மோட்டார், புல்லி, உருளை எதைப் பார்த்தாலும் அது 72-க்கு உறவா இல்லையா என்று கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அரைக்கும் உருளையான ஜாடியைப் பொறுத்தவரை ஊறுகாய் ஜாடியே பலர் கண்ணிலும் முதலில் படுகிறது. பீங்கான் என்பதால் இனம் இனத்தோடு சேரும் என்பது வாதம். ஆனால் அதன் வயிறு பருத்தும் கழுத்து சிறுத்தும் இருப்பதால், ஜாடியைத் தாங்கிச் சுழற்றும் இரண்டு சிறு உருளைகள்மேல் நேராக உட்காராது. தவிர, அது மாமியார் வீட்டிலிருந்து வந்ததாக இருப்பின் ஆய்வு வேறு திசையில் போய்விடும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் 200 மி.மீ. பிவிசி குழாய் இதற்குச் சாலச் சிறந்தது. வெளிவிட்டமே 200 என்பதால், 5 மி.மீ. சுவருள்ள ரகத்தில் உள்விட்டம் மேற்படி கணக்குக்கு அச்சாக வந்து விழுகிறது. முழுநீளக் குழாயைத்தான் விற்பேன் என்று கடைக்காரர் நிற்பார். கால் மீட்டர் துண்டு வேண்டுபவர் போர்வெல் வேலை நடந்த இடத்தில் மிச்சம் கேட்பது நலம். ஒரு முனையில் எண்ட் கேப்பைப் பசை போட்டு ஒட்டிவிடலாம். மறுமுனையில் தடித்த பலகை மூடி, அடியில் விரித்து வெட்டிய லாரி டியூப், மேலே குறுக்குப் பட்டை, இரண்டு போல்ட்டு. சைக்கிள் டியூப் போதாதா என்ற கேள்வி எழும். ஓடத் தொடங்கியபின் மூடியோரம் வெண்மையாகக் கசியும் கோடு அதற்கு விடை சொல்லும்.

அடுத்தது குண்டு. ஜாடியில் பாதியளவு குண்டு இருக்க வேண்டும் என்பது விதி. 190 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. நீளமும் கொண்ட ஜாடி ஏழு லிட்டர் சொச்சம் பிடிக்கும். அதில் பாதி மூன்றரை லிட்டர். குண்டுகளுக்கிடையே உள்ள இடைவெளி போக, குண்டின் கனஅளவு மட்டும் சுமார் 2.1 லிட்டர். 20 மி.மீ. குண்டாக இருந்தால் ஐந்நூறு தேவை.

பழைய பேரிங்கை உடைத்தால் குண்டு கிடைக்குமே என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. இதைச் சற்றே ஆராய்வோம். சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் 6204 பேரிங்கில் இருப்பவை எட்டுக் குண்டுகள்; ஒவ்வொன்றும் 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஜாடியின் தேவையை இவற்றால் நிரப்ப எட்டாயிரம் குண்டு வேண்டும். அதாவது ஆயிரம் பேரிங்கை உடைக்க வேண்டும். பதப்படுத்திய எஃகு உடையும்போது சில்லு தெறித்துக் கண்ணுக்குப் போகும் என்பதால், ஆயிரம் முறை கண்ணாடி அணிய வேண்டும். பெரிய பேரிங்காக உடைக்கலாமே என்று லாரி வீல் பேரிங்கை எடை போட்டு வாங்கி வருவோர் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்பது கூம்பு ரோலர், குண்டே கிடையாது. எல்லாம் கடந்து எஃகுக் குண்டு சேர்ந்துவிட்டாலும் எடை பதினாறு கிலோவைத் தாண்டும். அது தேய்ந்து இரும்பைக் கலக்க, வெள்ளை கிளேஸ் சூளையிலிருந்து பழுப்பாகவோ, புகைச் சூட்டில் வெந்திருந்தால் பச்சையாகவோ வரும். பச்சையை விரும்பியே செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் கலைஞர்களைப் பற்றி இங்கே பேசுவதற்கில்லை.

ஈயக் குண்டை எவ்வகையிலும் சேர்க்கலாகாது. அது நஞ்சு, அரைபடுவது எதுவாயினும் அதில் கலந்துவிடும். கண்ணாடிக் கோலிக்குண்டு விலை மலிவு. சில்லு பெயரும் குறை உண்டென்றாலும், பெயர்வது சிலிக்கா மிகுந்த கண்ணாடி என்பதால் கிளேஸுக்கு அது ஏறக்குறைய உறவுக்காரன், மன்னித்துவிடலாம். ஆற்றுக் கூழாங்கல் இன்னொரு வழி. ஐரோப்பியப் பீங்கான் பட்டறைகள் நெடுங்காலம் ஃபிளிண்ட் கூழாங்கல்லைப் போட்டே அரைத்தன. நம் ஆறுகளில் கிடைக்கும் வெள்ளை குவார்ட்ஸ் உருண்டைகள் அந்த வேலையைச் செய்யும். ஆனால் சாக்குப்பையோடு ஆற்றில் இறங்குபவரைப் பார்ப்பவர்கள் செராமிக் கலைஞர் என்று நினைப்பதில்லை. ஆகவே மீன்தொட்டிக் கடையே பாதுகாப்பு. வாங்கிய கல்லை முதலில் வெறும் தண்ணீரோடு சில மணி நேரம் ஓடவிட்டு, உடைந்ததையும் விரிசல் விட்டதையும் பொறுக்கி எறிய வேண்டும். காசு கொடுக்கத் துணிந்தவருக்கு அலுமினா குண்டு. அது கண்ணாடியைவிடக் கனம், எஃகைவிடச் சுத்தம். ஏழரைக் கிலோ போதும். குறைந்தபட்ச ஆர்டர் ஐம்பது கிலோ என்று விற்பவர் சொன்னால், மீதியைத் தலையில் கட்டுவதற்கு முதலில் செராமிக் நண்பர்களைத் தேட வேண்டிவரும்.

மோட்டாரில் சபலங்கள் பல. மிக்ஸி மோட்டார் பல்லாயிரம் சுற்று ஓடும். அதன் அடியில் 30 நிமிட ரேட்டிங் என்று அச்சிட்டிருப்பதைப் படிக்காதவர்கள் மூக்கால் உணர்வார்கள். தையல் மெஷின் மோட்டாரும் அதே வம்சம். சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று வாக்கில் ஓடுவதால், கணக்குப் போட்டவரை அது வெகுவாக மயக்கும். காற்றைத் தள்ளப் பிறந்த அதற்குப் பதினைந்து கிலோ கல்லைத் தள்ளும் வலு இல்லை. கார் வைப்பர் மோட்டார் உள்ளேயே பல்சக்கரத்தோடு நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது சுற்றில் வருவதால் பெல்ட்டே வேண்டாம் என்று தோன்றும். சென்னை ரிச்சி தெருவில் 12 வோல்ட் பவர் சப்ளை வாங்கி இணைத்தால் ஓடவும் ஓடும். ஆனால் ஆறு மணி நேர மழைக்கு ஈடுகொடுக்கலாமே தவிர, ஆறு மணி நேரக் கல்லுக்கு அது ஈடுகொடுக்காது.

எனவே மிஞ்சுவது கால் எச்.பி., 1440 சுற்று இண்டக்‌ஷன் மோட்டார். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூரில் பழைய மோட்டாரை ரீவைண்டிங் செய்து விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வாங்கும் முன் சாஃப்டைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது; மேலும் கீழும் ஆடினால் அது உட்காரும் இடமே தேய்ந்துவிட்டது. முதலாவதை மாற்றிவிடலாம், இரண்டாவதை விட்டுவிட்டு வந்துவிடலாம். கடைக்காரர் பிளக்கில் சொருகி ஓட்டிக்காட்டுவதில் எதுவும் நிரூபணமாகாது. சுமையில்லாமல் ஓடாத மோட்டார் உலகில் இல்லை.

ஜாடியைச் சுழற்றும் அந்த உருளைகளின் சாஃப்டுக்கு 20 மி.மீ. பிரைட் ராடு இரண்டு. தாங்கிப் பிடிக்க யுசிபி 204 பில்லோ பிளாக் நான்கு. தேடலில் அடையாள எண் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தரப்படும் பொருள் இது ஒன்றே. ஆகவே இதைக் கடைசியில் வாங்கினால் மனம் தேறும். ராடின்மேல் வெளிவிட்டம் 40 மி.மீ. வருமாறு கெட்டி ரப்பர் ஹோஸ் ஏற்ற வேண்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்து, சுவரில் முட்டுக்கொடுத்து, இருவராகத் தள்ளினால் ஏறும். பாதியில் நின்றால் முன்னும் போகாது, பின்னும் வராது.

மோட்டாரில் 2 அங்குல புல்லி, உருளைச் சாஃப்டில் 8 அங்குல புல்லி. 1440 சுற்று 360 ஆகும். 40 மி.மீ. உருளை 200 மி.மீ. ஜாடியைச் சுழற்றுவதால் 360 ஐந்தில் ஒன்றாகி 72-இல் வந்து நிற்கும். இவ்வளவு அழகாகக் கணக்கு வந்தபின் கடையில் 8 அங்குல புல்லி இராது, 7-உம் 10-உம் இருக்கும். பத்தை வாங்கினால் 58 சுற்று; அரைப்பு மெதுவாகும், கெட்டுப்போகாது. ஏழை வாங்கினால் 82. எல்லை வேகத்தில் 80 விழுக்காடு, விழும் குண்டுகள் எதிர்ச்சுவரை மொத்தத் தொடங்கும். பத்தே தேவலை. ஏ வகை பெல்ட்டுக்கு 3 அங்குலத்துக்குக் குறைந்த புல்லி கூடாது என்பது பெல்ட் உற்பத்தியாளர்களின் கட்சி. 2 அங்குலத்தில் ஓடி வருஷக்கணக்கில் உழைக்கும் பெல்ட்டுகள் அதை அறியாதவை. 2, 8 என்ற இணைக்கு, மையத்துக்கு மையம் 13 அங்குலம் வாக்கில் வைத்தால் ஏ 42 பெல்ட் பொருந்தும். கணக்குப் போட விரும்பாதவர் இரு புல்லியையும் சுற்றிச் சணலைக் கட்டி, அந்தச் சணலோடு கடைக்குப் போகலாம். கடைக்காரர்கள் சூத்திரத்தைவிடச் சணலையே மதிக்கிறார்கள்.

சட்டம் ‘எல்’ ஆங்கிளில். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கட்டில் சட்டமும் ஆகும். மோட்டார் உட்காரும் துளைகளை நீளவாக்கில் வெட்டினால்தான் பெல்ட்டை இறுக்க முடியும். வெல்டிங் பட்டறையில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். இரண்டு சாஃப்டும் இணையாக இல்லாவிட்டால், ஓடும் ஜாடி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நடந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கீழே இறங்கிவிடும். அதைத் தடுக்க ஒரு முனையில் அலமாரிச் சக்கரம் ஒன்றை மறித்து வைப்பது வழக்கம். பெல்ட்டுக்கு உறையாகப் பழைய பெடஸ்டல் ஃபேனின் கம்பிக்கூண்டு அமையும். மூன்று பின் பிளக்கும் எர்த்தும் இல்லாமல் தண்ணீரோடு விளையாடலாகாது. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் தரும் என்பதால் எப்போதும் ஈரமாகவே அரைக்க வேண்டும். எரியக்கூடிய, வெடிக்கக்கூடிய எதுவும் இதனருகே வரக் கூடாது.

எந்திரத்தை வைக்க மொட்டை மாடியே தகும் எனினும், கீழ்வீட்டுக்காரருக்கு அதுவே கூரை. சட்டத்தின் நான்கு கால்களிலும் டயர்த் துண்டு வைத்தால் பகலில் பொறுத்துக்கொள்வார். ஓட்டம் சரியாக இருக்கும்போது ஜாடிக்குள்ளிருந்து சீரான இரைச்சல் வரும். சளசளவென்றால் வேகம் குறைவு. டக்டக்கென்று தனித்தனியே கேட்டால் குண்டு குறைவு அல்லது வேகம் அதிகம். ஒன்றுமே கேட்காவிட்டால் குழம்பு கெட்டியாகிவிட்டது, தண்ணீர் விட வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து, சூடேறியிருக்கும் மூடியைத் துணி போட்டு மெதுவாகத் தளர்த்தி, 200 மெஷ் சல்லடையில் ஊற்றலாம். அதன் கண் 75 மைக்ரான். மேலே தங்கும் கப்பி மறுபடி ஜாடிக்கு, இறங்கியது வாளிக்கு.