சுத்தியலும் சாஃப்ட்வேரும்

சீனத்துச் சிறுதொழில் வட்டாரத்தில், கணக்கு முதல் கிடங்கு வரை ஒரே மென்பொருளில் அடக்கும் ஈ.ஆர்.பி. பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: ஈ.ஆர்.பி. போட்டால் சாவைத் தேடிப் போகிறாய். போடாவிட்டால் சாவுக்குக் காத்திருக்கிறாய். விற்க வருபவர்கள் பின்பாதியை மட்டும் சொல்வார்கள்.

1993இல் ஷென்ஜெனில் கிங்டீ மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஷூ ஷாவோசுன், கணக்கு மென்பொருள் விற்றே வளர்ந்தவர். பிற்பாடு, இனி எல்லாம் கிளவுட் என்று அறிவிக்க, மேடையேறிச் சுத்தியலால் கணினியையும் சர்வரையும் உடைத்தார். அதே மாதிரிப் பெட்டியைக் கடன்பட்டு வாங்கியவர்கள் கைதட்டினார்களா என்பது கேமராவுக்கே வெளிச்சம்.

பட்டறைக் கிடங்கின் நடைமுறையோ வேறு. சரக்கு இறங்கியதும் கிடங்குக்காரர் முதலில் நோட்டில் எழுதுவார். அப்புறம் எக்செல். அப்புறம் வீசாட் குழுவில் ஒரு போட்டோ. மாதக் கடைசியில், யாராவது சத்தம் போட்டால், புது மென்பொருள். அதற்குள் திரையில் திருகாணி இருப்பு மைனஸ் 40 பெட்டி ஆகியிருக்கும்.

அலிபாபாவின் அலுவலகச் செய்திச் செயலியான டிங்டாக்குக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. அனுப்பிய செய்தியை யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பயிற்சி வகுப்பே வேண்டியிருக்கவில்லை. எக்செல்லைத் திறக்கத் தெரியாத முதலாளிகூட அதைப் போட்ட அன்று சாயங்காலமே கற்றுக்கொண்டார்.