மனசுக்கு எத்தனை மார்க்?

கோபமா, பயமா, துக்கமா என்று தனக்கே பிடிபடாமல் தவிப்பவர்கள் உண்டு. மனதில் ஓடுவதைச் சொல்லவும் அவர்களுக்கு வராது. 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் இதற்கு அலெக்சிதைமியா என்று பெயர் வைத்தார். சரி, இவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? அவர்களிடமே கேட்டுத்தான்!

1994-இல் வந்த டொரன்டோ அளவுகோலில் 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். மொத்தம் 61 தொட்டால் உங்களுக்கு அலெக்சிதைமியா. தன் மனதே தெரியாதவர், அது எந்த அளவுக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் கச்சிதமாகச் சொல்லிவிட வேண்டும். போன் போட்டுக் காது கேட்கிறதா என்று சோதிக்கிற வைத்தியம் இது.

இந்த ஓட்டை அளவுகோலைச் செய்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் 2006-இல் அதே குழு, நேரில் உட்கார்ந்து பேசும் பேட்டி முறையையும் கொண்டுவந்தது. பேட்டிக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். தாளுக்கு ஜெராக்ஸ் கடை போதும். நம் நாட்டில் எது ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்?

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அந்தத் தாளோடு சென்னிமலையில் ஒரு குழித்தறி வீட்டுக்குள் நுழைகிறார் என்று வையுங்கள்.

"ஐயா, மனசுல என்ன தோணுதுன்னு உங்களுக்கே புரியாமப் போகுதுங்களா?"

மிதியிலிருந்து காலை எடுக்காமல் பதில் வரும்: "நூல் வெல ஏறிப்போச்சு கண்ணு."

போடு மார்க்! உள்ளே பார்க்காமல் வெளி விஷயத்தையே நினைப்பதும் அந்தத் தாளின்படி ஒரு குறை.

"டாக்டருக்கே புரியாத மாதிரி ஒடம்புல ஏதாச்சும்...?"

"முட்டி நோவுது. நாளெல்லாம் குழிக்குள்ளயே காலு. டாக்டருக்கு நல்லாவே புரிஞ்சுது. தறிய உடச் சொல்றாரு. உட்டுட்டுச் சோத்துக்கு எங்க போறது?"

இதற்குத் தாளில் கட்டம் இல்லை.

இவருக்கா மனது தெரியவில்லை? இவரைப் போன்றவர்களுக்காகவே கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது 1985-இல். இன்றைக்கு 11 ரகங்கள் கைத்தறிக்கு மட்டும். பெட்ஷீட்டும் அதில் ஒன்று. விசைத்தறியில் ஓட்டினால் தண்டனை. அப்படியும் ஓட்டுகிறார்கள் என்று கைத்தறி நெசவாளர்கள் மனு கொடுக்கிறார்கள், போராடுகிறார்கள். தங்கள் உணர்ச்சியை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. மனுவுக்கு ரசீது கிடைக்கிறது.

எண்ணுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 2015-16-இல் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள். நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததோடு பாதிக் கடமை முடிந்தது. மீதிப் பாதிக்கு இன்னொரு கணக்கெடுப்பு.

மாணவர் கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டு நீட்டுவார். மனசு சரியில்லையென்றால் 14416-ஐக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண், 2022-இல் வந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை.

பெரியவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"வெசத்தறீல பெட்சீட்டு ஓட்டறானுவளே, அதச் சொல்ல எந்த நம்பரு கண்ணு?"