குடும்ப மர்ம நாவல் வாசிப்பது எப்படி? நாவிதன்வெளிக்காரருக்கு ஆறு ஆலோசனைகள்

ஊருக்கு வெளியே தனித்த வீடு, வாய் திறக்காத தாய், பூட்டிய அறை, ஒன்றும் அறியாமல் உள்ளே நுழையும் ஓர் அப்பாவி. குடும்பத்தின் இருட்டைப் பேசும் உளவியல் மர்ம நாவலுக்கு இவ்வளவும் வேண்டும். நாவிதன்வெளியில் இவற்றில் அப்பாவி மட்டுமே கைவசம் உண்டு. ஆகவே வாசிக்க நினைப்பவர்கள் சில முன்னேற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது.

1. பருவம் பார்த்துத் தொடங்குங்கள்

வெள்ளைக்காரரின் கதைகளில் பனி கொட்டி, பாதை மூடிய பிறகுதான் முதல் மையித்து விழும். நமக்குப் பனி இல்லாவிட்டால் என்ன, கிட்டங்கித் தாம்போதி இருக்கிறது. மாரி மழை வலுத்து, தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். அன்று புத்தகத்தை விரியுங்கள். கதையில் வருகிற தனிமையை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். கல்முனையில் கடை வைத்திருக்கும் மச்சான், கந்தோருக்குப் போகும் மச்சி, டியூஷன் பிள்ளைகள் எல்லோரும் அன்றைக்கு வீட்டில்தான்.

2. யார் யாருடைய வீட்டில் என்று தெளிவாகுங்கள்

டாப்னி டு மோரியே 1938இல் எழுதிய 'ரெபேக்கா'வில், புது மனைவி கணவனின் மாளிகைக்கு வந்து, இறந்துபோன முதல் மனைவியின் நிழலில் நடுங்குகிறாள். நம் பக்கத்தில் பெண் எங்கும் போவதில்லை. வீடு அவளுடைய சீதனம். பெட்டியோடு வந்து இறங்குவது மாப்பிள்ளை. வாசிக்கும்போது ஆட்களை இடம் மாற்றிக்கொள்ளுங்கள்: நடுங்குகிறவர் மாப்பிள்ளை, அலுமாரிச் சாவி மாமியின் முந்தானையில். நீங்களே மாப்பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. ராத்தா வீடும் தங்கச்சி வீடும் ஒரே வளவில் இருப்பதால், நடுச்சாமத்தில் நீங்கள் விளக்கை எரிப்பது மூன்று வீட்டுக்குச் செய்தி.

3. அட்டைக்கு உறை போடுங்கள்

இரத்தம் வடியும் கத்தியை அட்டையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காரக்கூடாது. பழைய கலண்டர் தாள் போதும். "என்ன மருமகன் வாசிக்கீங்க?" என்று மாமி கேட்டால், "இலக்கியம் மாமி" என்று கூசாமல் சொல்லலாம். அதில் பொய் இல்லை. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் 'அசன்பேயுடைய கதை', எகிப்தின் அரச குடும்பத்தில் களவுபோய், தான் யாரென்று தெரியாமல் பம்பாயில் வளர்ந்த பிள்ளையின் கதை. 1885இல் அதை எழுதியவர் சித்திலெவ்வை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தி, முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்காக ஓடித்திரிந்த அந்தப் பெரியவரே குடும்ப மர்மம் எழுதியிருக்கிறார். வாசிக்கிற உங்களுக்கு என்ன வெட்கம்?

4. பாதியில் யாரிடமும் கதை சொல்லாதீர்கள்

காதலர் இருவரும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்பது முந்நூறாம் பக்கத்தில் உடையும் இரகசியமாக இருக்கும். இருபதாம் பக்கத்தில் கதையை மூத்தம்மாவிடம் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள்.

"அந்தப் புள்ள என்ன குடி?"

முடிந்தது. இங்கே குடி தாய்வழியாக வருவது. தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை என்பது பழைய வழக்கம். அந்தக் கேள்வியைத் தாண்டினாலும் அடுத்தது காத்திருக்கும்: "சின்னதுல அதுக்கு ஆரு பால் குடுத்த?" ஒருத்தியிடம் பால் குடித்து வளர்ந்த இருவர் மணம் முடிக்க மார்க்கத்தில் இடமில்லை. லண்டன் துப்பறிவாளருக்கு இந்த இரண்டு கேள்வியும் தெரியாது. அதனால்தான் அவருக்கு முந்நூறு பக்கம் தேவைப்படுகிறது.

5. சொத்து வரும் அத்தியாயத்தை மனதுக்குள் வாசியுங்கள்

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' உட்பட, இந்த வகை நாவல்களில் சொத்து கைமாறும் நேரத்தில்தான் பேய் நடமாடும். மத்திய முகாம் பக்கத்துக் கொலனிகளில் பேய்க்கு வேலை இல்லை. கல்லோயாத் திட்டத்தில் குடியேறியவர்களுக்குக் கிடைத்தது பேமிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப்படி, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பேமிட்காரர் பெயர் எழுதிக் கொடுக்கலாம். வாப்பா எழுதியது எந்தப் பிள்ளையின் பெயர் என்பது பிரதேச செயலகக் கோப்பில் கிடக்கும். அந்தக் கோப்பு திறந்த நாளில் இங்கே கொலை விழாது. வாய்க்கால் அடைபடும், பெருநாளைக்கு ஒரு வீட்டுச் சோறு மற்ற வீட்டுக்குப் போகாது, பேரப்பிள்ளைகள் ஏனென்று தெரியாமலே அந்தக் கோபத்தைக் கட்டிக் காப்பார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தைக் காக்கா பக்கத்தில் இருக்கும்போது சத்தம் போட்டு வாசிக்க வேண்டாம்.

6. வாசித்து முடித்ததும் துப்புத் துலக்கப் புறப்படாதீர்கள்

கடைசிப் பக்கம் முடிந்து இரண்டு நாளில், நம் வீட்டிலும் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். தோன்றுவது சரிதான். சாச்சி வீட்டுக் கலியாணத்துக்கு மூத்த மாமாவை ஏன் கூப்பிடவில்லை? கேட்டுப் பாருங்கள். மாமி தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிடுவா. காக்காவுக்கு அந்த நேரம் பார்த்து போன் வரும். விடாமல் சந்திக் கடைவரைக்கும் போய் விசாரித்தால், பிளேன்டீயை ஆற்றிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்த்து, "அது ஒங்களுக்கு இன்னும் தெரியாதா?" என்பார்.

நாவலில் யாருக்கும் தெரியாததை ஒருவர் கண்டுபிடிப்பார். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை வீட்டுக்கு ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் விடுவார்கள். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்று இப்போது சந்திக் கடைக்கும் தெரிந்துவிட்டது.