பதினாறும் ஒரு போர்வையும்

கேள்வி: ஏ.சி.யை 16-இல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறார் என் கணவர். கரண்ட் பில்லைப் பார்த்தால் எனக்குத்தான் வேர்க்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: காசு கொடுத்துக் குளிரை வாங்கி, அதற்குப் பயந்து போர்வையும் போர்த்திக்கொள்கிறாரா! பேஷ். 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. அந்த எண் ஆக்ஸிலரேட்டர் இல்லை அம்மா, இறங்க வேண்டிய ஸ்டாப். சித்திரை வெயிலில் மதுரை மாடி அறைக்கு 16 என்ற ஸ்டாப் லேசில் வராது. கம்ப்ரஸர் விடியவிடிய ஓடும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் கணக்கு. 24-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? யோசிக்கிறீர்கள் என்றால் இன்றே கழுவுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமா ரேட் ஏறுகிறது? கீழே கிடக்கும் யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் சேர்த்து ஏறுகிறது. 490-இல் மீட்டர் நிற்கும்போது ரிமோட்டை ஒளித்துவைப்பது குற்றமாகாது. போர்வையையும் சேர்த்து ஒளித்துவையுங்கள், அவரே 26-க்கு வந்துவிடுவார்.