பிஸ்டனைக் கடித்த பாம்பு

வா ராசா, குந்து. டப்பாவைத் தொறக்காதே, இரு. குலுங்குற சத்தத்துலயே தெரியுது. மூணாவது பிஸ்டனும் பூட்ச்சா?

மயிலாப்பூருல பூம்பாவையோட எலும்பைக் குடத்துல கொண்டாந்து வெச்சாங்க, சம்பந்தர் பாட்டுப் பாடி எழுப்பினாரு. நீயும் அதே நெனப்புல டப்பாவைத் தூக்கிக்கினு ஊரூர் குப்பத்துக்கு வந்துட்டே. எனக்குப் பாட்டு வராது கண்ணு, இருமல்தான் வரும். அதுவும் இல்லாம, அந்தப் பொண்ணைப் பாம்பு கடிச்சுதுன்னு ஊருக்கே தெரியும். உன் பிஸ்டனை எது கடிச்சுதுன்னு ஒரு தபாவாவது தேடினியா? புதுசு மாட்டினே, கடிச்சுது. இன்னொண்ணு மாட்டினே, அதையும் கடிச்சுது. பாம்பு வூட்டுக்குள்ளயே கீது, நீ பொண்ணை மட்டும் மாத்திக்கினு கீறே.

என் பேரன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவுல ஓலே எவின்ரூட்னு ஒருத்தன். ஏரிக்கரையில அவன் கட்டிக்கப்போற பொண்ணு ஐஸ்கிரீம் கேட்டுச்சாம். துடுப்பு போட்டுப் போய் வாங்கினு வர்றதுக்குள்ள உருகிப்போச்சாம். அந்தக் கடுப்புலதான் போட்டு பின்னாடி மாட்டுற மோட்டாரைச் செஞ்சு, 1909-ல விக்க ஆரம்பிச்சானாம். அவன் ஐஸு உருகக் கூடாதுன்னு மோட்டார் செஞ்சான். நீ அதே மோட்டாருல அலுமினியத்தை உருக்கிட்டே. அலுமினியம் உருக 660 டிகிரி வேணும்டா! நீ மீன் புடிக்கப் போறியா, பட்டறை வெச்சிக்கினு கீறியா?

சரி, இப்பத் தொற. செத்ததைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அது மூஞ்சியைப் பாக்கணும். சுத்தி நாலு மூலையில மட்டும் கீறல் இருந்தா, சிலிண்டர் போர் டைட்டுன்னு அர்த்தம். இல்லாட்டி இஞ்சின் சூடாகறதுக்குள்ள நீ முறுக்கிட்டே. இரும்பைவிட அலுமினியம் ரெண்டு மடங்கு விரியும். தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவுல ரெண்டு கையிலயும் பை மாட்டினு நுழையுற ஆளு மாதிரி, உள்ள போய் சிக்கிக்கும். காத்து உள்ள வர்ற பக்கமும் சுத்துவட்டமும் காஞ்சு கீறியிருந்தா, ஆயில் பத்தலே. புகை போற பக்கம் மட்டும் வழிச்சு, தலையில ஓட்டை விழுந்திருந்தா, சூடு. உன்னுது அதான். பிளக்கைக் காட்டு. சுண்ணாம்பு பூசினாப்புல வெள்ளையா கீது. காபிப் பொடி நெறத்துல இருக்கணும்டா அது.

ஆயில் எவ்ளோ கலக்குறே? "ஒரு குத்துமதிப்பா"வா? கபாலி கோயில் வெளக்கா இது, எண்ணெய் ஊத்த ஊத்தப் புண்ணியம் சேர? புக்குல ஐம்பதுக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, முடிஞ்சுது. கொறைச்சா தேயும். ரொம்ப ஊத்தினா அந்த எடத்துல பெட்ரோல் கொறையும், அதுக்கும் சூடாகும்.

அடுத்தது தண்ணி. ஓடும்போது இஞ்சின் ஒழுங்கா ஒண்ணுக்குப் போகுதா? சிரிக்காதே, வைத்தியரும் மொதல்ல இதத்தான் கேப்பாரு. பின்னாடி தாரை சொட்டுச் சொட்டா வந்தா, பம்புல இருக்குற ரப்பர் இம்பெல்லர் இறக்கை ஒடைஞ்சிருக்கும், இல்லேன்னா உப்பு கட்டி வழி அடைச்சிருக்கும். உன்னுது நல்லாத்தான் அடிக்குதா? அப்போ பாம்பு அங்க இல்லே.

மூணு தபாவும் ஒரே சிலிண்டரா? மேல ஒண்ணு, கீழ ரெண்டா? அடடே, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஒரே சிலிண்டர்னா அதோட ஜெட்டு, அதோட சீலுன்னு அங்கயே நோண்டலாம். ரெண்டும் மாறி மாறிச் செத்தா, ரெண்டுக்கும் ஒரே சமையக்கட்டுலேருந்து வர்ற சோத்துலதான் வெஷம்.

இன்னொண்ணு கேக்குறேன், மெய்யாலும் சொல்லு. ஃபுல் வேகத்துல போறப்ப இஞ்சின் தொய்யுதா? அப்ப இன்னா பண்றே? "பெட்ரோல் ஹோஸுல இருக்குற பல்பை அமுக்கினா வேகம் வந்துடுது." ஆஹா! மாட்டுக்காரன் மடியைத் தட்டுறாப்புல தட்டித் தட்டி ஓட்டினு போயிருக்கே. பெட்ரோல் பத்தாம அது பட்டினியில ஓடுதுடா. பெட்ரோல் கொறஞ்சு காத்து ஜாஸ்தியானா எரியுற சூடு ஏறும், கூட வர்ற ஆயிலும் கொறஞ்சுடும். டேங்க் மூடியில காத்துத் திருகைத் தொறந்துட்டுத்தான் போறியா? சரி, அதுக்காவது அறிவு கீது.

அந்த ஹோஸு எப்ப வாங்கினது? அப்பா காலத்துதா! 2022-ல பெட்ரோல்ல நூத்துக்குப் பத்து எத்தனால், 2025-ல இருபது. பழைய ரப்பருக்கு அது ஆகாது, உள்தோல் உரிஞ்சு வழியை அடைக்கும். இன்னொரு கூத்தும் கீது. எத்தனாலுக்குத் தண்ணின்னா உசிரு. டேங்குல தண்ணி சேர்ந்தா ரெண்டும் கைகோத்துக்கினு அடியில போய் உக்காந்துக்கும். ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும். இஞ்சின் உறிஞ்சுறதோ அடியிலேருந்து!

இப்போ செய்ய வேண்டியதைக் கேளு. செலவு கம்மிதான், அதனாலதான் உனக்குப் புடிக்கப்போறதில்லே. வேற டேங்கு, புது ஹோஸு, நடுவுல கண்ணாடி மாதிரி ட்யூப் ஒரு சாண் சொருகி, குமிழ் ஓடுதான்னு பாரு. அப்பவும் தொய்ஞ்சா ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரம், அப்புறம் கார்ப்ரேட்டர் ஜெட்டு, கடைசியா கிராங்க் ஆயில் சீல். இதெல்லாம் பாத்து முடிச்ச பெறவுதான் போருக்குப் போ. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல அடுத்த பிஸ்டனுக்கு இப்பவே சொல்லி வெக்காதே. போர் அடிச்சதும் சிலிண்டர்ல இருக்குற ஓட்டைங்களோட வெளிம்பை மழுக்கச் சொல்லு, இல்லேன்னா ரிங்கு மாட்டி ஒடையும். கீழ கிராங்க் கேஸையும் கழுவணும். செத்த பிஸ்டனோட தூள் அங்கதான் கெடக்கும். அது புதுசைத் தின்னுடும்.

வா, உன் போட்டைக் காட்டு. தோ பாரு, அடியில சுருண்டு கெடக்குதே கறுப்பா, எலி முழுங்கினாப்புல நடுவுல பல்பு புடைச்சுக்கினு. மூணு பிஸ்டனைக் கடிச்சது இதான் போல, காலடியிலயே வெச்சுக்கினு ஊரெல்லாம் தேடினே. புதுசு வாங்கினதும் பழசைத் தூக்கிப் போடாதே, மூணு துண்டா வெட்டிப் போடு. இல்லேன்னா உன் தம்பி "நல்லாத்தானே கீது"ன்னு எடுத்து மாட்டிக்கினு, அடுத்த மாசம் டப்பாவோட எங்கிட்ட வருவான்.